விண்ணப்பம் எழுதும் கை யாருடையது?

(தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய அமைப்பின் மேடையில், அதுவும் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் நிகழ்வில், திட்ட நிதிக்கு விண்ணப்பம் போடுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். "இலக்கியக் கூட்டத்துல பட்ஜெட் பாடமா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

'பறையன்' இதழைத் தொடங்குவதற்கு முன் சீனிவாசன் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸின் கோரிக்கையை எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். என் கண்ணில் படுவது அந்த 3,412 கையெழுத்துகள். எழுதத் தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருந்ததால், நம் சார்பில் வேறொருவர் பேச வேண்டிய தேவை அன்று ஏற்படவில்லை. மனு என்பதும் நம் இலக்கியம்தான். அதை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் இன்றைய என் கேள்வி.

இந்தக் கேள்வியை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருக்கும் இருளர் குடியிருப்புகளிலிருந்து கேட்கிறேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

புதுச்சேரி வட்டாரத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரே துண்டு நிலம் இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும் துண்டுகள். ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்த வயல் புதுச்சேரி. வரப்பில் எலி பிடிக்கப் போகும் இருளருக்கு அந்த எல்லை தெரியாது, எலிக்கும் தெரியாது. அரசாணைக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இருளர் பல பத்தாண்டுகளாகவே பட்டியல் பழங்குடியினர். புதுச்சேரியில் 1964இல் பட்டியல் சாதியினருக்கான ஆணை வந்தது, பழங்குடியினருக்கு எதுவும் வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். மக்கள் இருந்தார்கள், பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாததால் கணக்கில் மக்களும் இல்லாமல் போனார்கள். 2016 டிசம்பர் 22 அன்றுதான் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் இருளர் (வில்லி, வேட்டைக்காரன் உட்பட) புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டனர். விழுப்புரத்து இருளருக்கும் பாகூர் இருளருக்கும் நடுவே பல பத்தாண்டு இடைவெளி. அதற்குப் பிறகும் காட்டுநாயக்கன், மலைக்குறவன், எருகுலா, குருமன்ஸ் ஆகியோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே, 'பிற்படுத்தப்பட்ட பழங்குடியினர்' என்ற உள்ளூர்ப் பட்டியலில் நிறுத்தப்பட்டார்கள்.

இடைவெளி அத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் இருளர் 'மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழு'க்களில் ஒன்று. நாடு முழுவதும் 75 குழுக்கள் அந்த வகையில் வருகின்றன. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு அவர்களுக்காக 24,104 கோடி ரூபாய் மதிப்பில் 'பிரதமர் ஜன்மன்' திட்டத்தைத் தொடங்கியது. அது 18 மாநிலங்களுக்கும், ஒன்றியப் பகுதிகளில் அந்தமான் நிக்கோபாருக்கும் உரியது. புதுச்சேரி அதில் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அக்காள் வீடு, இந்தப் பக்கம் தங்கை வீடு. அக்காள் நலிவுற்றவர் என்று அரசு ஏற்கிறது. தங்கை அப்படி இல்லையாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. ஆகவே பழங்குடி கிராம சபைக்கு அதிகாரம் தரும் 'பெசா' சட்டமும் இங்கே இல்லை. உள்ளாட்சித் தேர்தல் புதுச்சேரியில் 1968இல் நடந்தது, பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் நீண்ட வெற்றிடம். ஒரு குடியிருப்புக்குக் குழாய் வேண்டும், விளக்கு வேண்டும் என்று பேச வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் மக்கள் எங்கே போவார்கள்? சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலுக்குப் போவார்கள். அல்லது 'புராஜெக்ட்' கொண்டுவரும் தொண்டு நிறுவனத்தின் வாசலுக்குப் போவார்கள். திட்ட நிதி பற்றிய பேச்சு இந்த வெற்றிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாள்

சில ஆண்டுகளுக்கு முன் பாகூர் கொம்யூனில் ஓர் இருளர் குடியிருப்பில் இரண்டு நாள் பயிற்சி நடத்தப் போனேன். கையில் அச்சிட்ட தாள்கள். குறிக்கோள், செயல்பாடு, வெளியீடு, விளைவு, கண்காணிப்பு என்று கட்டம் கட்டிய படிவம். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள், ஆனிக்கு மேல்தான் வருவார்கள் என்றார்கள். பயிற்சிக்குத் தேதி குறித்தபோது நான் நன்கொடையாளரின் நாட்காட்டியைப் பார்த்திருந்தேன். சூளையின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. என் முதல் பாடம் அது.

இருந்தவர்களில் மூத்த பெண் ஒருவர் படிவத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க பேரு எங்க சார் வருது?" என்று கேட்டார்.

"இங்க பாருங்க பெரியம்மா, 'பயனாளிகள்'னு ஒரு கட்டம் இருக்கே, அதுல" என்றேன்.

"அது கடைசில இருக்குது. மேல யாரு பேரு?"

"விண்ணப்பிக்கிற நிறுவனத்தோட பேரு."

"அப்ப காசு வாங்கறது அவங்க, பேரு குடுக்கறது நாங்க."

நான் கொண்டுபோன தாள்களில் இருந்த எந்த வரியும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. இன்று நான் பேசுவதெல்லாம் அவர் பெயரைக் கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

உரிமைக்கு மனு, முயற்சிக்குத் திட்டம்

பயிற்சியில் முதலில் கற்றுத்தர வேண்டியது படிவத்தை நிரப்புவது அல்ல. எதற்கு விண்ணப்பம் போடக்கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா, குடும்ப அட்டை, குடிநீர், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, முன்பணத்துக்கு அடிமையாக்கப்பட்டவரின் விடுதலை ஆகியவை எல்லாம் அரசின் கடமைகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. இவற்றுக்காக எந்த நன்கொடையாளரிடமும் திட்டம் எழுதிக் கேட்கத் தேவையில்லை. இங்கே எழுத வேண்டியது மனு. மனுவுக்குப் பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

திட்டம் எழுத வேண்டிய இடம் வேறு. மக்கள் தாங்களாகச் செய்ய நினைக்கும் முயற்சிகள் உண்டு. மாலைப் படிப்பகம், கூட்டாக வலையும் பரிசலும் வாங்குவது, மூலிகை அறிவைப் பதிவு செய்வது, சூளைக்குப் போகாமல் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க ஒரு தொழில். இவற்றுக்குத்தான் நிதி தேடுகிறோம்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சான்றிதழ் வாங்கித் தருவதே ஒரு தொண்டு நிறுவனத்தின் 'சாதனை' ஆகிவிடும். தாசில்தார் அலுவலகம் செய்ய வேண்டிய வேலைக்கு யாரோ நன்கொடை வாங்குவார்கள். மக்கள் இருவருக்கும் நன்றி சொல்வார்கள். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தின் 39ஆவது பிரிவு, அரசுகளிடமிருந்தும் பன்னாட்டு ஒத்துழைப்பின் வழியாகவும் நிதியுதவியும் தொழில்நுட்ப உதவியும் பெறுவது அம்மக்களின் உரிமை என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்தியர் எல்லோரும் பூர்வகுடிகளே என்ற விளக்கத்தையும் வைத்துக்கொண்டது. அந்த விளக்கத்தின்படி பாகூர் ஏரிக்கரை இருளரும் அந்த ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவரும் ஒரே வகைக் குடிகள்.

சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை. அரசியலமைப்பின் 342ஆவது பிரிவு, பழங்குடிப் பட்டியலை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே வகுக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. மரக்காணத்தில் பிறந்து பாகூரில் வாழ்க்கைப்பட்ட இருளர் பெண்ணுக்கு இது வெறும் சட்டப் பாடம் இல்லை. ஆகவே எந்தக் குடியிருப்பில் வேலை தொடங்கினாலும் முதலில் வீட்டுக்கு வீடு ஒரு பதிவேடு போடுங்கள். யாருக்கு எந்த ஊர்ச் சான்று இருக்கிறது, யாருக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதுங்கள். பின்னால் வரும் எந்தத் திட்டத்துக்கும் அதுதான் அடிக்கல்.

மூன்று ஆண்டு என்னும் வாசல்படி

இனி நிதி எங்கே இருக்கிறது, வாசலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி முதலாவது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ இலாபமோ உள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின்கீழ் உரிய பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் தனிப் பதிவு எண்ணும் வேண்டும். அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும்.

இரண்டாவது வெளிநாட்டு நிதி. அதற்கான பதிவைப் பெற மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 இலட்சம் ரூபாய் செலவும் செய்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தரும் வழி இருந்தது. 2020இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. பதிவு பெற்ற அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்ற முடியாது. தோளில் கூடையோடு மீன் பிடிக்கப் போகும் ஒரு சமூகம் 15 இலட்சம் செலவு செய்துவிட்டு வந்து நிதி கேட்க வேண்டும் என்கிறது விதி. பசித்தவனிடம் சாப்பிட்ட இரசீதைக் கேட்பது போன்றது இது.

மூன்றாவது அரசின் நிதிக் கழகங்கள். தேசியப் பட்டியல் பழங்குடியினர் நிதி மற்றும் வளர்ச்சிக் கழகம் 2001இல் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பெண்களுக்கான அதன் திட்டத்தில் 2 இலட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு, செலவில் 90 சதவீதம் வரை, 4 சதவீத வட்டியில் கடன் உண்டு. கவனியுங்கள், இது கடன். பயிற்சியில் நான் கண்ட பெரிய குழப்பமே இதுதான். கடன், மானியம், நன்கொடை ஆகிய மூன்றையும் நம் மக்கள் 'லோன்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து மானியத்தை விட்டவர்களும் உண்டு, மானியம் என்று நினைத்துக் கடனில் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. பயிற்சியின் முதல் மணி நேரத்தை இந்த மூன்று சொற்களுக்காக ஒதுக்குங்கள்.

உலக அளவிலும் கதை இதேதான். 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் 170 கோடி டாலர் தருவதாக நாடுகளும் அறக்கட்டளைகளும் உறுதியளித்தன. முதல் ஆண்டில் வழங்கப்பட்ட தொகையில் அந்த மக்களின் சொந்த அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம்தான் என்று நிதி தந்தவர்களின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. நம் பெரியம்மா கேட்ட கேள்விக்கு உலகம் தந்த பதில் அந்த 7 சதவீதம்.

அப்படியானால் என்ன செய்வது? படிப்படியாகப் போக வேண்டும். முதல் படி மகளிர் சுய உதவிக் குழு. வங்கிக் கணக்கும் கூட்டக் குறிப்பேடும் அங்கே பழகும். இரண்டாவது படி சங்கப் பதிவு. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரும் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். ஆலோசனை சொல்ல நாம் வெளியே உட்காரலாம். பதிவு செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த மூன்று ஆண்டும் சின்னச் சின்னதாகச் செய்த வேலைக்கு இரசீதும் படமும் தணிக்கைக் கணக்கும் சேர்த்து வையுங்கள். அதே காலத்தில் வரிப் பதிவுகளுக்கும் விண்ணப்பியுங்கள். புதிய அமைப்புக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும்.

அண்ணல் அம்பேத்கர் 1924இல் 'பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபை'யைத் தொடங்கியபோது அதே 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பதிவு செய்தார். பதிவு என்பதைத் தொண்டு நிறுவனங்களின் சங்கதி என்று ஒதுக்கும் இளைய தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வால் கணக்கு

இனி எழுதும் வேலை. படிவத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் பயிற்சியாளரின் வேலை.

'பிரச்சினையைக் கூறுக' என்று படிவம் கேட்கும். வறுமை, அறியாமை, பின்தங்கிய நிலை என்று நாம் எழுதிக் கொடுப்போம். எந்த ஊருக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த ஊரையும் சொல்வதில்லை. அந்தக் குடியிருப்பில் ஓர் இளைஞர் சொன்னதை அப்படியே எழுதினோம்: "ஏரில மீன் குத்தகைக்குப் போயிடுது சார். நாங்க எறங்கிப் புடிச்சா திருட்டுன்றாங்க. குத்தகைக்காரரு கூப்ட்டாதான் வேல." இதில் காரணம் இருக்கிறது, பாதிப்பு இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. மீன்பிடிக் குத்தகையை ஒரு கூட்டுறவுச் சங்கமே எடுத்தால் என்ன என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

'பட்ஜெட்' என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். அப்போது மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமிக்கு வட மாவட்டங்களின் இருளர் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் குடில் போட்டுக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பதும் திருமணம் முடிப்பதும் அங்கேயே நடக்கும். அதற்குக் குடும்பத்தோடு போய்வர என்ன செலவு என்று கேட்டேன். பெண்கள் மளமளவென்று சொன்னார்கள். வேன் வாடகை, அரிசி, தார்ப்பாய், பூசைச் சாமான், குழந்தைகளுக்குப் பண்டம், அவசரத்துக்குக் கையில் கொஞ்சம். எத்தனை பேர், எத்தனை நாள், ஒன்றின் விலை என்ன என்று மூன்று கோடு போட்டேன். பட்ஜெட் தயாராகிவிட்டது. 'அவசரத்துக்குக் கையில் கொஞ்சம்' என்பதைத்தான் படிவத்தில் எதிர்பாராச் செலவு என்கிறார்கள்.

பிறகு வலைக்கு வந்தோம். 20 குடும்பம், ஒரு வலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வலைக்கு மட்டும் 30,000. "வலை கிழிஞ்சா?" என்று ஒருவர் கேட்டார். பழுதுபார்ப்புக்கு ஒரு வரி சேர்த்தோம். "நாங்க பயிற்சிக்கு வர்ற நாளு கூலி?" என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் ஒரு வரி சேர்த்தோம். நன்கொடையாளர்கள் தயங்கும் வரி அது. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்துதான் அவர் நம் முன் உட்கார்ந்திருக்கிறார். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு, கற்பவருக்குக் கூலி இல்லை என்றால் அந்தப் பட்ஜெட் யாருடையது?

'அளவிடத்தக்க குறியீடுகள்' என்ற கட்டத்தில் நானே தடுமாறினேன். எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நீங்கள் எலி பிடித்தீர்கள் என்று வயல்காரர் எப்படி நம்புவார் என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "வால எண்ணித்தானே சார் கூலி குடுக்கறாங்க!" அன்று முதல் அந்தக் கட்டத்துக்கு எங்கள் பயிற்சியில் 'வால் கணக்கு' என்றே பெயர். படிப்பகம் நடந்தது என்பதற்கு என்ன வால்? வருகைப் பதிவேடு. வலை பயன்பட்டது என்பதற்கு என்ன வால்? மீன் விற்ற சீட்டு. கணக்கு எழுதும் நோட்டை அந்தக் குடியிருப்பில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவருக்கும் காதால் தணிக்கை செய்யத் தெரியும்.

மனு எழுதிய இரு முன்னோடிகள்

நல்ல விண்ணப்பத்துக்கு மாதிரி வேண்டுமா? 1942 அக்டோபர் 29 அன்று, வைசிராய் நிர்வாகக் குழுவின் உறுப்பினராக இருந்த அண்ணல், பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி அரசுக்கு ஒரு கோரிக்கை அளித்தார். பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் தரும் தொகையைச் சுட்டி, எங்கள் மாணவர்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். கருணையை எதிர்பார்க்கவில்லை, ஒப்பீட்டை வைத்தார். தொகையைச் சொன்னார், எதற்கு என்றும் சொன்னார். ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையின் தொடக்கம் அது. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு விண்ணப்பத்தின் பிள்ளைகள்!

இரண்டாவது மாதிரி இருளருடையதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத் தோல் தொழில் முடிந்தது, பிழைப்பும் போயிற்று. 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. உயிரியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணை நின்றார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து அந்த நஞ்சிலிருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். மக்களிடம் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து தந்த திட்டம் இல்லை அது. அவர்கள் அறிவுக்கு ஒரு நிறுவன வடிவம் கிடைத்தது, அதனால் நிலைத்தது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதி இன்றும் அரசின் கையில்தான். சங்கம் அமைத்தாலே அதிகாரம் வந்துவிடாது என்பதையும் அந்த வரலாறு சேர்த்தே சொல்கிறது.

நம் பங்கு என்ன?

கடைசியாக, நமக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி.

நம் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். இருளர் குடியிருப்பு சேரிக்கும் அப்பால், ஏரிக்கரையிலோ வாய்க்கால் மேட்டிலோ. ஊர் நம்மைத் தள்ளி வைத்த தூரத்தை அளந்து பேசும் நாம், நமக்கும் அவர்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்ததுண்டா? 'தலித் பழங்குடி மக்கள்' என்று துண்டறிக்கையில் சேர்த்து எழுதுகிறோம். நிர்வாகக் குழுவில் எத்தனை இருளர் இருக்கிறார்கள்? அவர்கள் பெயரால் வாங்கிய நிதியின் கணக்கு அவர்கள் முன்னால் படிக்கப்பட்டதா? குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அந்த முதல் நாளில் என் தாளில் மேல் கட்டத்தில் இருந்த பெயர் என்னுடைய அமைப்பின் பெயர்தான்.

ஆகவே தோழர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று, பயிற்சியைச் சூளை நாட்காட்டியைப் பார்த்து வையுங்கள். குடும்பங்கள் திரும்பிவரும் ஆடி, ஆவணி மாதங்கள் நல்லவை.

இரண்டு, கூட்டு விண்ணப்பம் போட்டால் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், எப்போது நாம் விலகுகிறோம் என்பது அதில் இருக்கட்டும். விலகும் தேதி இல்லாத உதவிக்குப் பெயர் ஆதிக்கம்.

மூன்று, மறுக்கவும் கற்றுக்கொடுங்கள். குழந்தைகளின் முகத்தைப் படமெடுத்து விளம்பரம் செய்யக் கேட்கும் நிதி, மூலிகை அறிவை எழுதி வாங்கிக்கொண்டு பெயர் தராத நிதி, நிலப் போராட்டத்தை நிறுத்தச் சொல்லும் நிதி ஆகியவை வேண்டாம் என்று சொல்லும் தீர்மானத்தைச் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். பணம் வந்தபின் அந்தத் தீர்மானத்தை எழுத முடியாது.

நான்கு, திட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆந்திரம் 2013இலும் தமிழ்நாடு 2024இலும் பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்ட நிதிக்குத் தனிச் சட்டம் இயற்றின. வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தக் கேள்வி எழ வேண்டும். ஒரு நன்கொடையாளரின் இரண்டு ஆண்டுத் திட்டத்தைவிட, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறும் ஒரு வரி நீண்ட நாள் வாழும்.

அந்தக் குடியிருப்புக்குப் பிறகு பலமுறை போனேன். சங்கம் பதிவாகியது. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அனுபவம் போதாது என்று கடிதம் வந்தது. நான் வருத்தத்தோடு அதைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கடிதத்தை வாங்கி மேலே எழுதியிருந்த முகவரியை விரலால் தொட்டு, "இது எங்க சங்கத்துப் பேரா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க பேருக்குத் தபால் வந்துருக்குது" என்று சொல்லி, அதை மடித்துக் குடும்ப அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலேயே வைத்துக்கொண்டார்.

இல்லை என்று சொன்ன கடிதம்தான். ஆனால் அதை அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த விண்ணப்பத்தை அந்த நோட்டு எழுதும் பெண்தான் எழுதினார். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை என்று சொன்னால் பொய். கேட்ட இடத்தில் மட்டும் திருத்தினேன்.

112 அடி மனு எழுதியவரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அந்தப் பேனாவை நமக்கு அடுத்து நிற்பவரின் கையில் கொடுப்பதுதான்.